ஈறு காத்தால் பல் நிலைக்கும்

“பல் போனால் சொல் போச்சு” என்பர் பெரியோர். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று வழி சொன்னவர்களும் அவர்களே. பல்லின் அருமையை இவ்வாறெல்லாம் பேசும் நாம், அந்தப் பல்லைத் தாங்கி நிற்கும் ஈறுகளைப் பற்றி ஒரு நாளாவது எண்ணிப் பார்க்கிறோமா? மரத்தைப் போற்றிவிட்டு, அதன் வேரைப் பற்றியிருக்கும் மண்ணை மறந்துவிடுவது போன்றது இது. மண் கரைந்தால் எவ்வளவு பெரிய மரமும் சாயும். ஈறு கெட்டால் சொத்தையே இல்லாத பல்லும் விழும்.

சொத்தைப் பல் வலித்தால் நாம் சும்மா இருப்பதில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அழுகிறோம். வீட்டில் கிராம்புத் தைலம் தேடுகிறார்கள். மறுநாளே மருத்துவரிடம் ஓடுகிறோம். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் கசியும். துப்பிவிட்டுக் குழாயைத் திறந்து விடுவோம். அத்துடன் மறந்து போவோம். ஆபத்து அந்த மறதியில்தான் இருக்கிறது. கடுமையான ஈறு நோய் உடையவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது. ஆகவே இது யாரோ சிலருக்கு வரும் நோய் அன்று. நம் வீடுகளிலும் இருக்கும் நோய்.

பல் எவ்வாறு நிற்கிறது?

இயற்கை அன்னை நமக்கு இருமுறை பல் தருகிறாள். முதலில் 20 பால் பற்கள்; அவை விழுந்தபின் 32 நிலைப் பற்கள். மூன்றாம் முறை தருவதில்லை.

நாம் கண்ணாடியில் காண்பது பல்லின் மேற்பகுதி மட்டுமே. வேர்ப்பகுதி தாடை எலும்பின் குழிக்குள் மறைந்திருக்கிறது. சுவரில் ஆணி அடித்தாற்போல் அது இறுகியிருக்கிறது என்று நாம் நினைக்கலாம். உண்மை அதுவன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே எண்ணற்ற நுண்ணிய நார்கள் இருக்கின்றன. அந்த நார்கள்தாம் பல்லைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. கடலையைக் கடிக்கும்போதும் கரும்பைக் கடிக்கும்போதும் உண்டாகும் அதிர்ச்சியை அவையே தாங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே, சட்டையின் கழுத்துப்பட்டை போலப் பல்லைச் சுற்றிப் படிந்திருப்பது ஈறு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

நலமான ஈறு உறுதியாக இருக்கும், பல்லோடு ஒட்டியிருக்கும், துலக்கினால் இரத்தம் வராது. நிறத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு ஈறுதான் நலமானது என்று விளம்பரங்களைப் பார்த்து எண்ணிவிடக் கூடாது. நம்மவர் பலருக்கு ஈறு கருமை கலந்தே இருக்கும். அது தோலின் நிறம் போன்றது, நோயன்று. நிறம் திடீரென்று மாறிச் சிவந்து வீங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

பகைவன் யார்?

1683ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகர் லீவன்ஹூக் என்பவர், தம் பற்களுக்கிடையே இருந்த வெண்மையான படிவைச் சுரண்டி, தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதிலே சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்து, இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இத்தனைக்கும் அவர் நாள்தோறும் உப்பு வைத்துப் பல் துலக்கியவர்!

அவர் கண்ட அந்தப் படிவைத்தான் இன்று பற்படலம் என்கிறோம். காலையில் எழுந்தவுடன் நாக்கால் பல்லைத் தடவினால் வழுவழுப்பாகத் தோன்றுகிறதே, அதுதான். நன்றாகத் துலக்கிய சில மணி நேரத்திலேயே அது மீண்டும் படியத் தொடங்குகிறது. கிருமிகள் அதில் ஒன்றோடொன்று பிணைந்து கூட்டமாக வாழ்கின்றன. வெறும் தண்ணீரால் கொப்பளித்தால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து சில நாட்களில் கல் போல இறுகிவிடும். இதற்குப் பற்காரை என்று பெயர். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இதைக் காணலாம். காரை கட்டியபின் பிரஷ்ஷால் அதை அகற்ற இயலாது. சொரசொரப்பான அதன்மீது புதிய படலம் எளிதில் படிகிறது.

இந்தக் கிருமிகளின் நஞ்சை எதிர்த்து நம் உடல் போரிடுகிறது. அதனால் ஈறுக்கு இரத்த ஓட்டம் மிகுந்து, அது சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் நிலையை அடைகிறது.

பன்னிருவர் செய்த சோதனை

படலம்தான் காரணம் என்பது எவ்வாறு உறுதியாயிற்று? டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் ஹாரல்ட் லோ என்ற பேராசிரியரும் அவர் தோழர்களும் ஒரு சோதனை செய்து 1965இல் அதை வெளியிட்டனர். நலமான ஈறுகளுடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கியது. ஒருவர்கூடத் தப்பவில்லை! பிறகு மீண்டும் ஒழுங்காகத் துலக்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்தில்லை, ஊசியில்லை, சுத்தம் ஒன்றே மருந்தாயிற்று.

இதில் நமக்கு எச்சரிக்கையும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது. இந்த முதல் நிலைக்கு ஈறு அழற்சி என்று பெயர். இதிலிருந்து முழுமையாக மீளலாம்.

மீள முடியாத இரண்டாம் நிலை

அழற்சியைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் சிலருக்கு அது உள்ளே இறங்குகிறது. பல்லைப் பிடித்திருந்த நார்கள் அறுகின்றன. சிறு பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையாக மாறுகிறது. பிரஷ் எட்டாத அந்தப் பைக்குள் கிருமிகள் குடியேறுகின்றன. தாடை எலும்பும் சிறிது சிறிதாகக் கரைகிறது. ஈறு இறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றும், பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி உண்டாகும், வாய் நாறும், சீழ் வரும், முடிவில் பல் ஆடும். பெரியவர்கள் ‘பயோரியா’ என்று குறிப்பிடுவது இதைத்தான். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை. நோயை அந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் பெரும்பாலும் மருத்துவர் செய்யக்கூடியது.

இந்த நோய் தன் போக்கில் விடப்பட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்துகொண்டது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்து என்பது பலருக்குத் தெரியாது. அத்தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள் அல்லவா? மேலே சொன்ன லோ அவர்களின் குழுவினர் 1970இல் அங்கே 480 ஆண் தொழிலாளரைச் சோதித்தனர். பிரஷ் என்பதை அவர்கள் அறியார். பல் மருத்துவரையும் கண்டதில்லை. அடுத்த 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1986இல் முடிவை வெளியிட்டனர். அவர்களிடம் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போய்விட்டன. நூற்றுக்கு 81 பேருக்கு மெதுவாகப் பரவி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. எஞ்சிய 11 பேருக்கு நோய் உள்ளே இறங்கவில்லை.

சிறு வயதிலிருந்தே பல் மருத்துவ வசதி பெற்ற நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்து ஆண்களையும் அக்குழு 1969 முதல் கவனித்து வந்தது. அவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு மிகச் சிறிது. நமக்குத் தேநீர் கொடுத்த கைகளுக்கு ஒரு பிரஷ்ஷும் ஒரு மருத்துவரும் கிடைத்திருந்தால் எத்தனை பற்கள் நிலைத்திருக்கும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. “எங்கள் தாத்தா பல்லே துலக்கியதில்லை, கடைசிவரை கரும்பு கடித்தார்” என்று சிலர் பெருமை பேசுவர். அவர் அந்த நூற்றில் பதினொருவர்! நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. ஆதலால் சுத்தமே பாதுகாப்பு.

இரத்தம் வந்தால் நிறுத்தலாமா?

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பல் துலக்கும்போது இரத்தம் வரத் தொடங்கியதும், “பிரஷ் ஈற்றைக் கிழிக்கிறது, விரலால் மெல்லத் தேய்” என்று வீட்டிலும் பக்கத்திலும் அனைவரும் சொன்னார்கள். அம்மாவும் அவ்வாறே செய்தார். இரத்தம் குறையவில்லை, சில மாதங்களில் கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கின. அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அம்மாவோடு நானும் சென்றேன். மருத்துவர் மெல்லிய அளவுகோல் ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரமாக நுழைத்து, “மூன்று, மூன்று, ஆறு” என்று எண்ணிக்கொண்டே போனார். உதவியாளர் எழுதிக்கொண்டார். ஆறு என்ற சொல் வரும்போதெல்லாம் அம்மா என் கையை இறுகப் பற்றினார்.

“இரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடாதீர்கள், அம்மா. ‘இங்கேதான் அழுக்கு இருக்கிறது, இங்கே சுத்தம் செய்’ என்று அந்த இடம் உங்களைக் கூப்பிடுகிறது” என்றார் மருத்துவர். பல முறை சென்று சிகிச்சை பெற்றபின் இரத்தம் நின்றது. ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றவை நிற்கின்றன. அந்த மருத்துவர் சொன்ன சொல் ஒவ்வொரு வீட்டிற்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈறில் வரும் எல்லா இரத்தமும் படலத்தால் வருவதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு திடீரென்று ஈறிலிருந்து இரத்தம் வந்தால் அது டெங்குவின் அறிகுறியாக இருக்கலாம். காரணமின்றி நிற்காமல் வந்தால் இரத்தத்தைச் சார்ந்த நோயாகவும் இருக்கலாம். அப்போது தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

முதலாவதாக, நம் வயதுப் பெண்களுக்கு. பருவமடையும் காலத்தில் உடலில் சுரக்கும் ஹார்மோன்களால் சிறிதளவு படலத்துக்கும் ஈறு அதிகமாக வீங்கும். கருவுற்ற தாய்மாருக்கும் இவ்வாறே. “பிள்ளை பெற்றால் பல் போகும்” என்று சிலர் சொல்வது சரியன்று. பிள்ளை பல்லைப் பறிப்பதில்லை. கவனிக்கப்படாத ஈறுதான் பறிக்கிறது.

இரண்டாவதாக, சர்க்கரை நோயாளருக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறுக்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஓரளவு மேம்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவதாக, புகையிலை பயன்படுத்துவோருக்கு. புகை பிடிப்பவருக்கு ஈறின் இரத்த ஓட்டம் குறைவதால் இரத்தக் கசிவுகூட வெளியே தெரியாது. நோய் உள்ளே ஒளிந்து வளரும். வெற்றிலையோடு புகையிலை மெல்வதும் ஈறுகளைக் கெடுப்பதோடு, வாய்ப் புற்றுக்கும் வழி வகுக்கிறது. புகையிலை கலந்த பற்பொடிகளும் ஒரு காலத்தில் விற்கப்பட்டன. நடுவண் அரசு 1992இல் அவற்றைத் தடை செய்தது.

வைட்டமின் ‘சி’ அறவே குறைந்தாலும் ஈறு வீங்கி இரத்தம் வரும். அந்நாளில் நெடுங்கடல் சென்ற மாலுமிகள் இதனால் மாண்டனர். நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவை நமக்கு எளிதில் கிடைப்பவை. உண்பது நன்று. ஆனால் நெல்லிக்காய் தின்றால் பல் துலக்க வேண்டியதில்லை என்று எண்ணிவிடக் கூடாது!

சிகிச்சை எவ்வாறு?

மருத்துவர் முதலில் பைகளின் ஆழத்தை அளந்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பார். பின்னர் அதிரும் கருவியால், தண்ணீரைத் தெளித்துக்கொண்டே காரையை உடைத்து அகற்றுவார். இதை யாவரும் ‘ஸ்கேலிங்’ என்பர். நோய் ஆழமாக இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் கீழே வேர்வரை சுத்தம் செய்வார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளப்பார். அப்போதும் பை ஆழமாக இருந்தால் ஈறைச் சற்றே விலக்கிச் சுத்தம் செய்யும் சிறு அறுவை தேவைப்படலாம். பல்லைப் பிடுங்குவது கடைசி வழி.

“ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்” என்று அஞ்சிப் பலர் போவதில்லை. உண்மையில் அந்த இடைவெளியை உண்டாக்கியது நோய். அதை இதுவரை அடைத்து மறைத்திருந்தது காரை. காரை போனதும் மறைந்திருந்தது தெரிகிறது. சில நாட்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசும்; பிறகு சரியாகும்.

வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பது இதம் தரும். கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும். ஆனால் இவை காரையைக் கரைப்பதில்லை. கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவதும் தீர்வன்று. மருத்துவர் தரும் கொப்பளிக்கும் மருந்தையும் அவர் சொன்ன நாட்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். நெடுநாள் பயன்படுத்தினால் சில வகை மருந்துகள் பல்லில் கறை ஏற்றும்.

நாம் செய்ய வேண்டியவை

1. காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இருமுறை துலக்குவோம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு இரவே வசதியான காலம். ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவை விடலாகாது.

2. மென்மையான பிரஷ்ஷை எடுத்து, பல்லும் ஈறும் சந்திக்கும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, மெல்ல அசைத்துத் துலக்குவோம். தரையைத் தேய்ப்பதுபோல் குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல்லும் தேயும். இரண்டு நிமிடம் துலக்குவது நலம்.

3. பல்லின் உட்புறத்தையும் கடைவாய்ப் பற்களின் பின்புறத்தையும் மறவாதிருப்போம். வேப்பங்குச்சியை நன்றாக மென்று தூரிகைபோல் ஆக்கித் துலக்குவது பழுதன்று. ஆனால் அது உட்புறத்துக்கு எளிதில் எட்டாது. செங்கல் பொடியும் மணலும் சாம்பலும் வேண்டவே வேண்டாம்.

4. பற்களுக்கிடையே பிரஷ் நுழையாது. அதற்கென்று விற்கும் நூலையோ சிறு தூரிகையையோ பயன்படுத்துவோம். ஊசி, ஊக்கு, தீக்குச்சி ஆகியவற்றால் குத்தக் கூடாது.

5. நார் விரிந்த பிரஷ்ஷை வைத்துக்கொண்டு காலம் கடத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். ஒருவர் பிரஷ்ஷை மற்றொருவர் பயன்படுத்த வேண்டாம்.

6. வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரிடம் காட்டுவோம். இரண்டு வாரம் முறையாகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிட்டால் உடனே செல்வோம்.

அன்புத் தோழியரே! இன்றிரவு துலக்கி முடித்ததும் கண்ணாடியின் முன் நின்று உங்கள் ஈறுகளைப் பாருங்கள். பிறகு உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும், “துலக்கும்போது இரத்தம் வருகிறதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரியவர்கள் தங்கள் உடல்நலத்தைப் பற்றித் தாமாகப் பேசுவது குறைவு. நாம் கேட்டால் சொல்வார்கள். வந்தால், அடுத்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரே! உங்கள் மகள் கேட்கும்போது “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று கூறிவிடாதீர்கள்.

எலும்பு கரைந்தபின் வருந்திப் பயனில்லை. இரத்தம் கசியும்போதே விழித்துக்கொண்டால் இழப்பும் இல்லை. ஈறுகளைக் காப்போம், முதுமையிலும் நம் பல்லால் உண்டு, நம் சொல்லால் பேசி வாழ்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு